மஞ்சள் பூசியது யார்?

வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்பது நம் பக்கம் இருக்கும். வேலை கேட்டு வந்த அந்தப் பெண்மணி கதிரையில் உட்கார்ந்ததும், நான் வாய் திறக்க முன்னரே தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"இன்சூரன்ஸ் கந்தோர்ல இருபத்திரண்டு வருஷம். மொத டைப்பிஸ்ட், பொறகு விபத்து கிளெய்ம் பாக்குற கிளார்க். கலஹா பஸ்ல இருந்து ஒரு தரம் விழுந்து இடது மணிக்கட்டு ஒடைஞ்சது. மழைக்கு வலிக்கும், டைப் பண்ண சுணங்கும். ஒரு தரம் கல்யாணம். ஒன்றரை வருஷத்துல முடிஞ்சி போச்சி, யாரும் யாரையும் அடிக்கல்ல. சீனி வருத்தம் இருக்கு. இன்னொன்னும் இருக்கு. அத பொறகு சொல்றேன்."

கண்டி நகரில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட மாடியில் ஓர் அறை எடுத்து, வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாகனமும் அறையும் ஒழுங்கு செய்து கொடுக்கும் சிறு அலுவலகம் ஒன்றை அப்போது நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்திநான்கு வயது. ஊர் அக்குறணை. அவருக்கு ஐம்பத்திரண்டு. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, நகரத்துக்கு வந்து தனியாக ஓர் அறையில் இருந்தார். ஆங்கிலக் கடிதம் பிழையில்லாமல் எழுதுவார் என்று சொல்லித்தான் ஒரு நண்பர் அனுப்பியிருந்தார். தன் குறைகளைத் தானே வரிசையாகச் சொன்ன ஒருவரை எப்படி வேண்டாம் என்பது? அடுத்த நாளே வரச் சொன்னேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'மிஸ்'.

எந்தப் பொருளைக் கண்டாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது எங்க விழுந்தது?"

விழுந்ததா என்று கேட்க மாட்டார். எங்கே என்றுதான் கேட்பார். யாரோ பாவித்த போட்டோ கொப்பி மெஷின் ஒன்றை நான் வாங்கி வந்தபோது அதைச் சுற்றி இரண்டு தரம் நடந்துவிட்டு, பின்பக்கத்து ஆணி ஒன்றைக் காட்டி, "இந்த ஒண்ணு மட்டும் புதுசு" என்றார். விற்றவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டால், மாடிப்படியில் உருண்டது உண்மைதான். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மிஸ் விடவில்லை.

"எதுக்குத் தம்பி? இப்பத்தான் எங்க விழுந்ததுன்னு தெரிஞ்சிருச்சே. இனி அந்தப் பக்கத்தப் பாத்துக்குவோம்."

கீழே ஆட்டோத் தரிப்பிடத்தில் அவருக்குத் தனி மரியாதை இருந்தது. ஆட்டோவில் ஏற முன் கதவின் பிணைச்சலைத் தொட்டுப் பார்ப்பார். "முதல் கை மிஸ், ஒரு கீறல் இல்ல" என்று ஒருவன் ஆணையிட்டால் அதில் ஏறமாட்டார். "கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல போன வருஷம் ஒரு வேனோட மோதினது, முன் போர்க் மாத்தியிருக்கு" என்று ஒப்புக்கொள்பவனின் ஆட்டோவில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து போவார். சில மாதங்களில், அவர் படியிறங்கி வருவதைக் கண்டதும் சாரதிகள் தங்கள் வண்டிகளின் பழைய அடிகளைத் தாங்களாகவே சொல்லத் தொடங்கினார்கள். ஒருவன் தன் வண்டி எதிலும் மோதாததை எண்ணிக் கவலைப்பட்டு, மோதியதாகப் பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்டதும் உண்டு.

விபத்துக்கு அவர் பயப்படவில்லை என்பது எனக்குப் புரிய வெகுநாள் எடுத்தது. அவருக்குப் பொறுக்காதது வெற்றிடம். ஒரு பொருளின் கதையில் இரண்டு வருடத்தைக் காணவில்லை என்றால், அந்த இரண்டு வருடம் கிடைக்கும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

அப்படியிருக்கும்போதுதான் விமானம் வந்தது.

கொழும்பு முதலாளி ஒருவர் எங்கோ ஒரு தரகர் மூலம் பழைய சிறு விமானம் ஒன்றை வாங்கியிருந்தார். சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு நீண்ட மிதவைகள். ஒரு இயந்திரம், மேலே இறக்கை, விமானிக்கும் ஐந்து பேருக்கும் இடம். திகணைக்கு அப்பால் நீர்த்தேக்கத்தின் ஒரு கையில் அதைக் கட்டிவைத்து, பயணிகளை ஏற்றி மலைகளுக்கு மேலே ஒரு சுற்றுக் காட்டி இறக்குவது திட்டம். கண்டியில் ஆசனப் பதிவு செய்யும் பொறுப்பு எங்கள் அலுவலகத்துக்கு. எனக்குத் தரையில் கால் படவில்லை. அக்குறணையில் எத்தனையோ பேர் கடை வைத்திருக்கிறார்கள். விமானத்துக்கு ஆள் ஏற்றுகிறவன் நான் ஒருவன்தானே.

பயணிகளுக்கான காப்புறுதிப் படிவத்தை முதலாளி பாதி நிரப்பி அனுப்பியிருந்தார். மிஸ் அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். மத்தியானம் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இதுல 'முன்னைய விபத்துகள்: இல்லை'ன்னு அடிக்கச் சொல்லியிருக்காரு. இந்த பிளேன் என்னைய விட நாலு வயசுதான் எளசு. நாப்பத்தெட்டு வருஷம் தண்ணியில எறங்கி ஏறின சாமான் எங்கயும் இடிபடலன்னா, ஒண்ணு அது பறக்கவே இல்ல, இல்லாட்டி யாரோ மறைக்கிறாங்க."

"மிஸ், அவர் எழுதித் தந்தத அடிச்சிக் குடுங்களேன். நமக்கென்ன?"

"அடிக்க மாட்டேன். இறங்குதுறை கட்டி முடிக்க மூணு மாசம் ஆகும்ன்றாரு. அது வரைக்கும் எனக்குத் தாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானத்தைப் பார்க்க அவரைக் கூட்டிப்போனேன். நீல நிறத்தில், தண்ணீரில் மெல்ல ஆடிக்கொண்டு நின்றது. மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் நடந்து போய், கதவின் விளிம்பில் வண்ணம் சிறிது பெயர்ந்திருந்த இடத்தில் நகத்தால் சுரண்டினார். தோட்டத்து லைன் வீட்டுக் கதவைச் சுரண்டினால் வருமே, அதைப் போல ஒவ்வொரு படையாக வந்தது. மேலே நீலம். அதற்குக் கீழே மஞ்சள். பிறகு வெள்ளை. கடைசியில் சிவப்பு.

"நாலு" என்றார், என்னைப் பார்த்து. புதையலைக் கண்டவர் போல அவர் முகம் மின்னியது.

பழைய பதிவேடுகளின் பிரதிகளில் முந்தைய உரிமையாளர்களின் பெயரும் ஊரும் இருந்தன. மிஸ் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் எழுதினார். கிடைக்காதவர்களுக்கு அவரவர் ஊர்த் தபால் கந்தோருக்கே கடிதம் போட்டார். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரித் தொடங்கும்: 'உங்கள் பழைய விமானம் இப்போது எங்களுக்குப் பக்கத்தில் வசிக்கிறது. அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வீர்களா?'

யார் இதற்கெல்லாம் பதில் போடப் போகிறார்கள் என்று நினைத்தேன். பதில் வந்தது. முதல் பதில் கனடாவின் வடக்கில், ஏரிகளும் காடுகளும் மட்டுமே உள்ள ஒரு பகுதியிலிருந்து. விமானத்தின் முதல் சொந்தக்காரர் ஒரு டாக்டர். பாதையில்லாத ஊர்களுக்கு அதில்தான் வைத்தியம் பார்க்கப் போவாராம். எழுதியவர் அவருடைய மகள். சிவப்பு அவர்கள் பூசியது. ஒரு குளிர்காலம் பனிக்கட்டியில் இறங்கும்போது சறுக்கி, விசிறி வளைந்தது. கடைசியில் ஒரு வரி: 'என் தம்பி பிறந்தது அந்த விமானத்தின் பின் ஆசனத்தில். அவனுக்குச் சொன்னேன், சிரித்துக்கொண்டே இருக்கிறான்.'

மிஸ் அந்தக் கடிதத்தை ஆட்டோக்காரர்களுக்கும் வாசித்துக் காட்டினார்.

டாக்டருக்குப் பிறகு சகோதரர்கள் இருவர். மீன் பிடிக்க வருபவர்களை ஏரிக்கு ஏரி கொண்டுபோய் விட்டவர்கள். வெள்ளை அவர்களுடையது. மூத்தவரின் மனைவி நீண்ட கடிதம் எழுதியிருந்தார். காற்றே இல்லாத ஒரு காலை, ஏரி கண்ணாடிபோல் கிடந்ததாம். அப்படிப்பட்ட தண்ணீருக்கு மேலே உயரம் கண்ணுக்குப் பிடிபடாது. இன்னும் இருக்கிறது என்று நினைத்து இறக்கியபோது மிதவை மோதி விமானம் தலைகீழானது. இருவரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். இளையவர் அதன்பிறகு விமானத்தில் ஏறவே இல்லை. ஜன்னலுக்குக் கீழே கிழிந்த இடத்தை, பழைய வீதிப் பலகையொன்றின் தகட்டை வெட்டிச் சதுரமாக ஒட்டுப்போட்டு ஆணி இறுக்கினார் கணவர். 'அந்த ஒட்டு இன்னும் இருக்கிறதா?' என்று கேட்டிருந்தார்.

இருந்தது. நாங்கள் போய்ப் பார்த்தோம். மிஸ் அதைக் கையால் தடவிவிட்டுப் படம் எடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் வெற்றிடம். சகோதரர்கள் விற்றதற்கும், தரகர் நீலம் பூசி எங்கள் முதலாளிக்கு விற்றதற்கும் இடையில், பதிவேட்டில் 'களஞ்சியத்தில் வைக்கப்பட்டது' என்ற ஒரே வரி. மூன்று வருடம்.

"களஞ்சியத்துல சும்மா கெடந்த பிளேனுக்கு யாரு தம்பி மஞ்சள் பூசினது?"

தரகர் பதில் போடவில்லை. சகோதரர்களின் வீட்டில் மஞ்சளைக் கண்டதே இல்லை என்றார்கள். மிஸ் விமானங்களைப் படம் எடுத்து இணையத்தில் போடும் ஆட்களின் பக்கங்களை நாள்தோறும் பார்க்கத் தொடங்கினார். மத்தியானச் சோற்றுப் பொதியை அவிழ்த்து வைத்துவிட்டு ஒரு கையால் சாப்பிடுவார், மறு கையால் படங்களைத் தள்ளுவார். ஐந்து வாரம். ஒருநாள் "தம்பி!" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் தேநீரைக் கொட்டிவிட்டேன்.

யாரோ ஒரு சுற்றுலாப் பயணி எடுத்த படம். ஏதோ ஒரு தீவுத் துறைமுகம், தென்னை மரங்கள், ஓரத்தில் மஞ்சள் விமானம். ஜன்னலுக்குக் கீழே சதுர ஒட்டு.

"பிளேனப் பாக்காதீங்க. பின்னால பாருங்க. கிளெய்ம்ல நாங்க அப்பிடித்தான் பாப்போம்."

பின்னால் ஒரு கடை. பெயர்ப்பலகையில் தொலைபேசி இலக்கம் பாதி தெரிந்தது. மிச்சத்தை அவர் எப்படிப் பிடித்தாரோ, கடைக்காரருக்கு எழுதிவிட்டார். அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கிடம் சொல்வதாகக் கடைக்காரர் பதில் போட்டார். பிறகு சத்தமில்லை.

இதற்குள் இறங்குதுறை முடிந்துவிட்டது. கொழும்பில் வேண்டிய சான்றிதழும் கிடைத்துவிட்டது. விபத்து வரியில் மிஸ் இரண்டு சம்பவங்களையும் தட்டச்சு செய்து, 'மூன்று வருடம் தெரியவில்லை' என்று சேர்த்திருந்தார். முதலாளி முகம் சுளித்தாலும், "பழைய கதைதானே, ஒண்ணும் செய்யாது" என்று கையெழுத்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் பயணம். ஒரு விடுதிக்காரரும் மனைவியும், ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு தம்பதி, ஐந்தாவது ஆசனம் என் உம்மாவுக்கு.

வெள்ளிக்கிழமை மிஸ் தங்கையின் மகள் கல்யாணத்துக்காக ஹேவாஹெட்ட போயிருந்தார். நான் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து அலுவலகக் கணினியைத் திறந்தேன். மெக்கானிக்கின் பதில் வந்திருந்தது.

சூறாவளி ஒன்றில் விமானம் கட்டறுந்து, கடலோடு சேர்ந்த களப்பில் மூழ்கிப் பதினொரு நாள் உப்புத் தண்ணீருக்குள் கிடந்தது. இனி உதவாது என்று கழித்துவிட்டார்கள். ஒருவர் இரும்பு விலைக்கு எடுத்து, காயவைத்து, மஞ்சள் பூசி ஓட்டினார். பிறகு தரகருக்குக் கொடுத்தார். 'இறக்கைக்குள் உப்பு தங்கியிருக்கும் என்று நான் சொன்னேன். யாரும் திறக்கவில்லை. இறக்கையையும் உடம்பையும் பிணைக்கும் தாங்கு கம்பியின் மேல் முனையைக் கட்டாயம் பாருங்கள்' என்று முடித்திருந்தார்.

நான் கணினியை மூடினேன். யாருக்கும் சொல்லவில்லை.

சான்றிதழ் கொடுத்தவர்கள் பார்த்திருப்பார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு சுற்றில் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் சொல்லிக்கொண்டேன். என் உறவினர் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, விடுதிக்காரர் பூமாலை ஒழுங்கு செய்துவிட்டார். சனிக்கிழமை காலை வீட்டில் உம்மா புதுச் சாரியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மகன், மேல போனா காது அடைக்குமாமே. பஞ்சு கொண்டு போகவா?"

"இந்தத் தரம் வேணாம் உம்மா. ஆக்கள் கூடிட்டாங்க. அடுத்த கிழமை போவம்."

உம்மா சாரியை அலுமாரியில் வைத்தார். பட்டியலில் அவருடைய பெயரை வெட்டினேன். மற்ற நான்கு பெயர்களும் அப்படியே இருந்தன.

அன்று பின்னேரம் மிஸ் தொலைபேசியில் பேசினார். உம்மாவுக்குக் காய்ச்சல், வரமாட்டார் என்றேன். பிறகு, இதுவரை நான் கேட்டிராத கூச்சத்தோடு, "அப்ப அந்த சீட் சும்மாதானே தம்பி? நான் ஏறட்டுமா? நான் பிளேன்ல போனதே இல்ல" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

ஞாயிறு காலை அவருடைய அறைக்கு முன்னால் வேனை நிறுத்தினேன். மாம்பழ நிறச் சேலை, தலையில் மல்லிகை, கையில் ஒரு கம்பளிச் சட்டையும் தலைசுற்றினால் முகர ஒரு தேசிக்காயும். குண்டசாலை தாண்டும்வரை அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். டாக்டரின் மகன் பிறந்த பின் ஆசனத்தில்தான் உட்காருவாராம். ஹேவாஹெட்ட மேலேயிருந்து தெரியுமா என்று விமானியிடம் கேட்பாராம். ஒரு வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன்.

"மிஸ், மறுமொழி வந்திட்டு. மஞ்சள்."

மின்னஞ்சலைத் திறந்து நான் நீட்டிய தொலைபேசியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

"எப்ப வந்துச்சி?"

"வெள்ளிக்கிழம."

வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். தேசிக்காயை மெதுவாக உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப உம்மாவுக்குக் காய்ச்சல் இல்ல."

அவர் என்னைப் பார்க்காமலே தொடர்ந்தார்.

"இன்னொன்னு இருக்குன்னு வேலைக்கு வந்த அன்னிக்கு சொன்னேனே. ஒரு வேனோட இன்சூரன்ஸ் படிவத்துல மேனேஜர் சொன்னாருன்னு 'விபத்து இல்லை'ன்னு நானும் ஒரு தரம் அடிச்சேன். இருந்துச்சி. தெல்தோட்ட ரோட்டுல பிரேக் விட்டுப் போயி ஒருத்தருக்குக் கால் போச்சி. மார்க்கெட்ல கீரை விக்கிறாரு. நான் போயி சொன்னேன், நான்தான் அடிச்சேன்னு. மூணு வருஷம் மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. இப்ப கறிவேப்பில சும்மா போட்டுக் குடுக்குறாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வண்டிய எடுங்க தம்பி. மத்தவங்க ஏறிருவாங்க."

நாங்கள் போனபோது விடுதிக்காரர் ஆசனத்தில் பட்டியைக் கூடப் போட்டுவிட்டார். மிஸ் முதலாளியிடம் போகவில்லை. நேரே விமானியிடம் போய்த் தொலைபேசியை நீட்டினார். விமானி சிங்களவர், அதிகம் பேசாத மனிதர். நின்ற இடத்திலேயே வாசித்தார். முதலாளி ஓடிவந்தார்.

"யாரோ ஒரு மெக்கானிக் எழுதினதுக்கெல்லாம் நிப்பாட்ட ஏலுமா? எல்லாச் சான்றிதழும் இருக்கு!"

"ஐந்து நிமிஷம்" என்றார் விமானி, தமிழில்.

ஏணியை வைத்து, இறக்கையின் அடியில் தாங்கு கம்பி சேரும் இடத்தில் ஒரு சிறு மூடியின் ஆணிகளைக் கழற்றினார். டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது விரல்களில் கோதுமை மா போல வெள்ளைத் தூள், உள்ளங்கையில் பிஸ்கட் போல உதிர்ந்த ஒரு தகட்டுத் துண்டு. அது அலுமினியமாக இருந்திருக்க வேண்டியது.

கீழே இறங்கி, கதவைத் திறந்து, பயணிகள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து இறக்கினார். பிறகு விமானத்துக்கு இரண்டாவது கயிறு ஒன்றைக் கட்டினார். முதலாளி அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரும் ஏமாற்றப்பட்டவர்தான். மிஸ் அவருக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார்.

பிறகு இறக்கை முழுவதையும் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பெரிய காற்று அடித்தால் தாங்கியிராது என்றார்களாம். முதலாளி விற்றுவிடத் தீர்மானித்தார். மிஸ் இதற்குள் விமானத்தின் கதையை மூன்று பக்கத்தில் தட்டச்சு செய்திருந்தார். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம். பிள்ளை பிறந்தது, ஏரியில் கவிழ்ந்தது, களப்பில் மூழ்கியது. மூன்றாம் பக்கத்தின் அடியில் இப்படி: 'மெக்கானிக்கின் பதில் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கண்டி அலுவலகத்தின் உரிமையாளர் அதை ஞாயிறு காலை வரை வெளியிடவில்லை.' என் பெயரும் இருந்தது.

எங்களிடம் இருந்த விமானத்தின் கோப்பினை, அந்தப் பக்கங்கள் இல்லாமல், வாங்குபவருக்கு அனுப்பும்படி முதலாளி கேட்டார். மிஸ் என்னிடம் வாதாடவில்லை. "உங்க பேரு இருக்கு தம்பி, நீங்களே தீர்மானிங்க" என்றார். ஒரு நாள் முழுக்க அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூன்று பக்கத்திலும் கையெழுத்து வைத்துக் கோப்போடு அனுப்பினேன். அதோடு அந்த முதலாளியின் உறவும் அறுந்தது.

மிஸ் இன்னும் நான்கு வருடம் எங்களோடு இருந்தார். கண்பார்வை குறைந்ததும் அப்போது வவுனியாவில் குடியேறியிருந்த தங்கையிடம் போய்விட்டார். பெருநாளைக்குத் தொலைபேசியில் பேசுவார். பேச்சின் இடையில் போட்டோ கொப்பி மெஷினை விசாரிப்பார்.

சென்ற வருடம் ஒரு மின்னஞ்சல் வந்தது. நியூசிலாந்தில் ஒரு பெண், விமானி. அந்த விமானம் புது இறக்கைகளோடு இப்போது அவரிடம் இருக்கிறதாம். மூன்று பக்கங்களையும் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தார்: 'அந்த இரண்டு நாட்களில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதாவது நடந்ததா?'

பக்கங்களை எடுத்து மீண்டும் வாசித்தேன். காய்ச்சல் என்று நான் சொன்னது அதில் இல்லை. வெட்டிய பெயர் இல்லை. யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காத மிஸ், அந்த இடத்தை மட்டும் எனக்காகக் காலியாக விட்டிருந்தார்.

அன்று பின்னேரம் பதில் எழுதினேன். மிஸ் எழுதுவதைப் போலச் சிறு வாக்கியங்களில்: 'நடந்தது. சனிக்கிழமை காலை பயணிகள் பட்டியலிலிருந்து என் தாயின் பெயரை எடுத்தேன். மற்ற நால்வரின் பெயரையும் விட்டுவைத்தேன். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.'